கிளட்ச் பிளேட்டின் மேல் போடும் பழி

"வண்டி இழுக்கலை" என்று சொல்லிப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். திண்டிவனமானாலும் செஞ்சியானாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும். "கிளச்சு பிளேட்டு பூட்ச்சி சார். செட்டா மாத்திடலாம்." தீர்ப்புச் சொன்னவர் வண்டியை ஒரு தெரு தூரம்கூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். கிளட்ச் லீவரை விரலால் அசைத்திருக்க மாட்டார். எஞ்சினில் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார். அதற்குள் பட்டறைப் பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் புறப்பட்டிருப்பான்.

அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஊழியர் மேல் 17 பி நடவடிக்கை என்றால் முதலில் குற்றச்சாட்டைக் குறிப்பாணையாகக் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். விசாரணை அலுவலர் போட வேண்டும், அவர் அறிக்கை தர வேண்டும். அதற்கப்புறம்தான் தண்டனை. கிளட்ச் பிளேட்டுக்கு மட்டும் இந்த உரிமை ஒன்றும் கிடையாது. விசாரணை இல்லாமலே டிஸ்மிஸ்.

நான் மெக்கானிக் அல்ல. பணிக்காலம் முழுதும் கோப்பு தைத்தவன். ஆனால் ராஜ்தூத் காலத்திலிருந்து என் வண்டியை நானே பிரித்து நானே மாட்டி வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: கிளட்ச் வழுக்குவது என்பது ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று வந்தவரிடம் நாக்கைக்கூட நீட்டச் சொல்லாமல் "ஈரலை மாத்திடலாம்" என்று சொல்லும் டாக்டரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? பட்டறைக்கு மட்டும் போகிறோம்.

மேல்சித்தாமூருக்கு வெளியூர்க்காரர்கள் ஜினகாஞ்சி மடத்தையும் பார்சுவநாதர் கோயிலையும் பார்க்கக் காரில் வருகிறார்கள். ஊரில் இருக்கிற நமக்கு இரண்டு சக்கரம்தான் கால். மல்லாட்டை மூட்டையைக் கமிட்டிக்குக் கொண்டுபோவதும் அதில்தான், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான், ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆட்டோ தேடி ஓடுவதும் அதில்தான். ஆகவே இதைப் பொழுதுபோகாத கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பால் எடுக்கிறான். காலையில் இருட்டோடு புறப்பட்டு நாலு ஊர் சுற்றிச் சேர்த்து வருவான். நாற்பது லிட்டர் கேன் இரண்டு. பாலும் கேனுமாக நூறு கிலோ பக்கம் வரும். பழைய நூறு சிசி வண்டி. ஒருநாள் நியூட்ரல் விழச் சிரமமாக இருக்கிறது என்று பட்டறைக்குப் போனான். கிளட்ச் கேபிளை நன்றாக இழுத்து முறுக்கி, "இப்ப ஷார்ப்பா இருக்கும்" என்று அனுப்பினார்கள். சில வாரத்தில் வண்டி இழுக்கவில்லை. பிளேட் செட் மாற்றினார்கள். நாலு மாதம் ஓடியது, மறுபடி அதே கதை. இரண்டாவது செட். மூன்றாவது முறை போனபோது, "ஹவுசிங், சென்டர் எல்லாம் சேர்ந்து அசெம்பிளியே போச்சு, ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் பணம் இல்லை. மாட்டுத்தீவனக் கடையில் பாக்கி. வட்டிக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"பழைய பிளேட்டெல்லாம் எங்கடா?" என்று கேட்டேன்.

"அங்கயே போட்டுட்டாங்க தாத்தா."

பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டது. தேய்ந்திருந்ததா இல்லையா என்று இனி பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. தண்டனை கொடுத்துவிட்டு சாட்சியத்தையும் எரித்தாயிற்று.

இந்த இடத்தில் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். எஞ்சின் ஒரு டப்பாவைச் சுற்றுகிறது. அதுதான் ஹவுசிங். அதன் நடுவில் கியர்பாக்ஸோடு சேர்ந்த ஓர் உருளை, சென்டர். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டப்பாவின் பள்ளங்களில் காது மாட்டிய பிளேட்டுகளும், சென்டரின் பல்லில் மாட்டிய வெறும் இரும்புத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக, அடுக்கிய தோசை மாதிரி இருக்கும். முதல் வகையில் இரு முகத்திலும் உராயும் பூச்சு உண்டு. இந்த அடுக்கை ஸ்பிரிங்குகள் இறுக அமுக்கிப் பிடித்திருக்கின்றன. அமுக்கம் இருக்கும்வரை எல்லாம் ஒரே கட்டையாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் அமுக்கம் விலகும், அடுக்கு தளரும், எஞ்சின் வேறு சக்கரம் வேறு. அவ்வளவுதான் சூட்சுமம். நாலு உராய்வு பிளேட் இருந்தால் எட்டு முகம் பிடிக்கிறது. உள்ளங்கை அகலமுள்ள சின்னச் சாமான் நூறு கிலோ பாலை இழுப்பது இந்தப் பெருக்கலால்தான்.

ஆக, வழுக்குகிறது என்றால் ஒன்று அமுக்கம் போதவில்லை, இல்லாவிட்டால் உராய்வு போதவில்லை. அமுக்கம் குறைவதற்கு ஸ்பிரிங் தளர்ந்தது காரணமாக இருக்கலாம், கேபிள் எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதும் காரணமாக இருக்கலாம். உராய்வு குறைவதற்குப் பிளேட் தேய்ந்தது காரணமாக இருக்கலாம், தவறான ஆயிலும் காரணமாக இருக்கலாம். காரணம் நாலு இருக்க, நம் பட்டறைகளில் ஒன்றின் தலைமேல்தான் எப்போதும் இடி விழுகிறது. அதுவும் விலை அதிகமான ஒன்றின் மேல்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே பையன்களுக்கு தெக்கார்த்தைச் சொல்லித்தராமல் விடமாட்டார்கள். 1637இல் அவர் எழுதிய புத்தகத்தில் சிந்திப்பதற்கு நாலு விதி வைத்தார். தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே. சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. எளியதிலிருந்து தொடங்கிக் கடினத்துக்குப் போ. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று கடைசியில் எண்ணிப் பார். அவருக்கு மோட்டார் சைக்கிள் தெரியாது. ஆனால் அந்த நாலையும் ஒரு பட்டறைச் சுவரில் எழுதி வைத்தால் பாதி கிளட்ச் செட் கடையிலேயே தூங்கும்.

எளியதிலிருந்து தொடங்குவோம். முதல் கேள்வி, உண்மையிலேயே வழுக்குவது கிளட்ச்தானா? ஆளில்லாத நேர்ச் சாலையில் டாப் கியரில் முப்பது, முப்பத்தைந்து வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை ஒரே திருகாகத் திருகுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் சத்தமும் வேகமும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறும். வழுக்கும் கிளட்ச் என்றால் சத்தம் மட்டும் சட்டென்று எகிறும், வண்டி பின்தங்கும். ஏரிக்கரை ஏற்றத்தில் சுமையோடு போனால் இன்னும் பளிச்சென்று தெரியும். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் அல்ல. எஞ்சினில் வலு இல்லை, அல்லது பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெயின் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிரேக் சங்கதி அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். செயின் பல் தாண்டுகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

இன்னொரு சோதனை உதையில் இருக்கிறது. கிக்கர் உதைக்கும் விசை சில வண்டிகளில் கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. நியூட்ரலில் மட்டுமே உதைத்து ஸ்டார்ட் செய்ய முடிகிற வண்டிகள் இந்த ரகம். பழைய புல்லட்டும் அப்படித்தான். அவற்றில் கிளட்ச் வழுக்கினால் கிக்கர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், எஞ்சின் சுற்றாது. புல்லட் வைத்திருந்த என் வயதுக்காரர்களுக்கு அந்த உதையை நினைத்தாலே கணுக்கால் வலிக்கும்.

இன்னொன்று. கிளட்ச் கோளாறு என்பதில் இரண்டு எதிரெதிர் நோய்கள் உண்டு. விட்டாலும் பிடிக்காதது வழுக்கல். பிடித்தாலும் விடாதது இழுவை: கியர் கரகரவென்று விழும், நியூட்ரல் விழாது, லீவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னே நகரும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம். பால்காரப் பிள்ளைக்கு முதலில் வந்தது இழுவை. அதற்குக் கொடுத்த மருந்துதான் வழுக்கலாக முடிந்தது.

இரண்டாவது கேள்வி, லீவரில் தளர்ச்சி இருக்கிறதா? எஞ்சின் ஓடாதபோது லீவரின் நுனியை லேசாக இழுத்தால், பாரம் தட்டுவதற்கு முன் ஒரு விரல் கனம் சும்மா ஆட வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில், நூறு சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதைப் பிளே என்பார்கள். பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'கார்த்'. காவல் என்று பொருள். மிகச் சரியான பெயர். அந்த வெற்றிடம்தான் பிளேட்டுகளைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் நாம் லீவரைத் தொடாதபோதும் கேபிள் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். (அதே மொழியில் கிளட்ச் விலக்குவதற்கு 'தெப்ரேயாஜ்' என்பார்கள். தொழிலாளிகள் வேலையைச் சற்று நிறுத்திவிட்டு வெளியே வருவதற்கும் அதே சொல்தான். சங்கத்தில் இருந்த நண்பர்கள் ரசிப்பார்கள் என்று சொன்னேன்.)

நம் பக்கத்தில் இந்தக் காவலை 'லூஸ்' என்று சொல்லி ஒழித்துவிடுகிறார்கள். "லூசா இருக்கு, டைட் பண்ணிடறேன்." கேட்கிற நமக்கும் டைட் என்றால் நல்லது என்று ஒரு நினைப்பு. ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் நீண்டால் தளர்ச்சி கூடும். பிளேட் தேய்ந்தால், பெரும்பாலான வண்டிகளில், தளர்ச்சி குறையும். தேய்ந்த அடுக்கு மெலிந்து, அமுக்கும் தட்டு இடம் மாறி, கேபிளுக்கு இருந்த வெற்றிடத்தைத் தின்றுவிடும். ஆகவே யாரும் கைவைக்காமலே தளர்ச்சி நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பிளேட் தேய்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. இப்படிப் பேசுகிற சாட்சியின் வாயைத்தான் டைட் பண்ணி அடைக்கிறார்கள்.

திண்ணையிலிருந்து எழுந்துபோய் அந்தப் பிள்ளையின் லீவரைத் தொட்டேன். தளர்ச்சி துளியும் இல்லை. வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் பக்கத்து முனையில் உள்கம்பியின் இழைகள் பாதி அறுந்து விரிந்திருந்தன. டேங்க்குக்கு அடியில் உறை மடிந்திருந்தது. முதல் நாள் நியூட்ரல் விழாததற்கு இதுதான் காரணம்: கை இழுத்த இழுப்பில் பாதி வழியிலேயே தொலைந்திருக்கிறது. கேபிளை மாற்ற வேண்டிய இடத்தில் முறுக்கினார்கள். முறுக்கியதில் பிளேட் வழுக்கிக் கருகியிருக்க வேண்டும். புது பிளேட் போட்டதும் கனம் கூடியதால் கொஞ்சம் தளர்ச்சி தானாக வந்திருக்கும். அதையும் லூஸ் என்று முறுக்கினால் என்ன ஆகும்? அடுத்த செட்டும் அதே வழியில் போகும்.

வழுக்கல் என்பது சும்மா போகிற விஷயமல்ல, அவ்வளவும் சூடு. நூறு சிசி எஞ்சின் எட்டு குதிரைத்திறன் பக்கம் தரும், அதாவது சுமார் 6 கிலோவாட். முழு இழுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போனால் 600 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை எஞ்சினுக்குள் செருகி சுவிட்ச் போட்ட மாதிரி. பிளேட் கருகாமல் என்ன செய்யும்? பெட்ரோலும் அதற்குத்தான் போகிறது.

மூன்றாவது கேள்வி, ஆயில். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் இதில் பட்டறை மட்டும் அல்ல, நாமும் சேர்ந்தே கெடுக்கிறோம். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் அதிலேயே குளித்துக்கொண்டு சுற்றுகிறது. காரில் அப்படி இல்லை, அங்கே கிளட்ச் தனியாக உலர்ந்த அறையில் இருக்கிறது. அதனால் கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வழுக்கல் மருந்துகளைச் சேர்க்கலாம். கார் எஞ்சினுக்கு அது அமிர்தம், நம் கிளட்சுக்கு விளக்கெண்ணெய். இந்தத் தொல்லை பெரிதானதால்தான் ஜப்பானியர்கள் 1998இல் ஜாசோ டி 903 என்று மோட்டார் சைக்கிள் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருந்தால் அதில் கிளட்ச் பிடிக்கும். எம்.பி. என்று போட்டிருந்தால் உராய்வு குறைவு. ஆயிலில் நனையாத கிளட்ச் உள்ள கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு அது ஆகும், நம் வண்டிக்கு ஆகாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு எழுத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆயிலின் கனத்தைக் கையேட்டில் போட்டபடி, 10டபிள்யூ30 என்றால் 10டபிள்யூ30, வாங்க வேண்டும். "கெட்டியா ஊத்தினா நல்லா இருக்கும்" என்பதற்கெல்லாம் தலையாட்டக் கூடாது.

பால்காரப் பிள்ளையின் மாமா கார் வைத்திருக்கிறார். சர்வீஸில் மிச்சமான ஆயிலை, வீணாகப் போகிறதே என்று கொடுத்திருக்கிறார். இவனும், காருக்கு ஊற்றுவது வண்டிக்கு ஆகாதா என்று ஊற்றியிருக்கிறான். நல்ல மனசுதான். ஆனால் மூன்று முறை வண்டி பார்த்த பட்டறையில் ஒருவராவது "என்ன ஆயில் ஊத்துனே?" என்று கேட்டிருக்க வேண்டாமா?

எண்பதுகளில் ஒரு விளம்பரம் வந்தது. 1985இல் இறங்கிய நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு: நிரப்பு, மூடு, மறந்துவிடு. பெட்ரோலைப் பற்றிச் சொன்னது, அந்த வகையில் பொய்யும் அல்ல. அந்த வண்டிகள் மைலேஜில் நாட்டையே மாற்றின. ஆனால் மூன்றாவது சொல்லை நம் ஜனங்கள் ஆயிலுக்கும் கேபிளுக்கும் செயினுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ராஜ்தூத், எஸ்டி வைத்திருந்த தலைமுறைக்கு வண்டியை ஞாயிற்றுக்கிழமை தொட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தது. தொடாமல் அவை ஓடாது. நல்ல வண்டி வந்து கையைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். புது கேபிள் போட்டு, ஒரு விரல் தளர்ச்சி விட்டு, ஆயிலை வடித்து எம்.ஏ. ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். வெறும் வண்டியில் வழுக்கல் நின்றது. கேன் கட்டி ஏற்றத்தில் போனால் இன்னும் கொஞ்சம் எகிறியது. சரி, இப்போது திறப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று, திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராகக் கழற்றினார். பிளேட்டுகளைத் துடைத்து வரிசை மாறாமல் துணியில் பரப்பினார். வெர்னியரில் ஒவ்வொன்றாகக் கனம் பார்த்தோம். கையேட்டில் போட்ட கடைசி அளவுக்கு எல்லாமே வெகு மேலே. நாலு மாத பிளேட் தேயவே இல்லை. முகம் மட்டும் பளபளவென்று மெழுகு தடவினது போல் ஆகியிருந்தது. இரும்புத் தட்டில் ஒன்று நீலம் பாய்ந்திருந்தது, சூட்டின் அடையாளம். கண்ணாடிப் பலகையில் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை, கோணல் இல்லை. ஸ்பிரிங்குகளின் நீளமும் அளவில் இருந்தது. ஹவுசிங் விரல்களில் பிளேட்டின் காது பதிந்த தடம் லேசாக இருந்தது. நகத்தில் தட்டுப்படும் ஆழம் இல்லை. ஆழமாக இருந்தால் பிளேட் நகராமல் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாயிரத்துச் சொச்சம் செலவில் தூக்கி எறியச் சொன்ன அசெம்பிளி இதுதான்.

பெட்ரோலில் கழுவி, இரும்புத் தட்டுகளை நைஸ் எமரித் தாளில் லேசாக வட்டமாகத் தேய்த்து, உராய்வு பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறப்போட்டார். உலர்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகிவிடும் என்பதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். மாலையில் மாட்டினார். போல்ட்டுகளை மறுபடி எதிரெதிராக, சமமாக. மூடிக்குப் புது கேஸ்கெட். கேபிள், ஆயில், கேஸ்கெட், அவர் கூலி எல்லாம் சேர்ந்தும் அசெம்பிளி விலையில் பாதியைத் தொடவில்லை. வண்டி இன்றைக்கும் இரண்டு கேனோடு கரையேறுகிறது. தவறான ஆயிலில் ஊறிய பிளேட் எப்போதும் இப்படிப் பிழைத்துக்கொள்ளாது. சில சமயம் மாற்றத்தான் வேண்டும். இது பிழைத்தது.

இங்கே ஒருவர் கேட்பார்: பிளேட் தேயவே தேயாதா ஐயா? தேயும். தேயத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பல வருடம் ஓடிய வண்டியில், பாதிக் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே ஊர்கிற கைகளில், மூன்று பேரும் ஒரு மூட்டையும் ஏறுகிற வண்டியில், பிளேட் தேய்ந்துபோவது நியாயமான முடிவு. பூச்சின் கனம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால், பொரிந்து உதிர்ந்திருந்தால், எரிந்த வாடை அடித்தால், மாற்றுங்கள். மாற்றும்போது ஸ்பிரிங்கையும் பாருங்கள். நான் எதிர்ப்பது மாற்றுவதை அல்ல, அளக்காமல் மாற்றுவதை.

ஸ்பிரிங் என்றதும் இன்னொரு தில்லுமுல்லு. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கி, "சரியாப் போச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். வழுக்கல் கொஞ்ச நாள் நிற்கும். லீவர் கல்லாகிவிடும். நம் வயது மணிக்கட்டுக்கு அதைப் பிடிக்கவே முடியாது. கேபிள் அறுந்துபோகும், அதுவும் எங்கே? நாலு வழிச் சாலையைக் கடக்கிற இடத்தில்.

இப்போது மெக்கானிக் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். அவர் அரைமணி நேரம் வண்டியை ஓட்டி, லீவரைப் பார்த்து, கேபிளை ஆராய்ந்து, ஆயிலை முகர்ந்து, "உங்க கேபிள் ஸ்குருவை ரெண்டு சுத்து விட்டுட்டேன், சரியாப் போச்சு" என்று சொன்னால் நாம் என்ன கொடுக்கிறோம்? "ரெண்டு சுத்து சுத்தினதுக்குக் காசா?" என்று சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். அவரே ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் மாட்டினால் பேரம்கூடப் பேசாமல் கொடுக்கிறோம், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. டாக்டர் ஊசி போடாமல் அனுப்பினால் பணம் வீண் என்று நினைக்கிற அதே புத்தி. யோசனைக்குக் கூலி இல்லாத ஊரில் யார் யோசிப்பார்கள்? சாமானில் கிடைக்கும் கமிஷனில்தான் அவர் அடுப்பு எரிகிறது. கடை வாடகை இருக்கிறது, பையனுக்குச் சம்பளம் இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு பக்கத்துக்கும். வண்டியைப் பார்த்துக் காரணம் சொல்வதற்கென்று பட்டறைகள் தனிக் கூலி வாங்கட்டும். பலகையில் எழுதியே வைக்கட்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொடுக்கிற நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம். அதே சமயம் ஒரு பிளேட்டை மாற்றினால் பழையதை வண்டிக்காரர் கையில், பையில் போட்டு, கொடுக்க வேண்டும். அது அவருடைய சொத்து. அவர் பழைய இரும்புக்குப் போடட்டும், மாட்டுக் கொட்டகையில் மாட்டி வைக்கட்டும், அது அவர் பாடு. புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்து காட்டுகிற பட்டறைக்கு நான் இருபது கிலோமீட்டர் தள்ளியும் போவேன்.

பால்காரப் பிள்ளை இப்போது லீவரைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்டான். கேனை இறக்கினதும் விரலை வைத்து ஆட்டிப் பார்க்கிறான். ஓடும்போது இரண்டு விரலை லீவர் மேலேயே வைத்திருக்கிற பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை. சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெர்னியர் என்னிடம் ஒன்று இருக்கிறது. பிளேட்டைக் கழற்றிவைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் அளந்து பார்க்கலாம். காலையில் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் திண்ணையில் வெயில். சாயங்காலம் வேண்டாம், வெளிச்சம் குறைந்தால் எனக்குக் கோடு தெரிவதில்லை.